ஊஞ்சமேட்டானுக்குச் சால்வை

ஞாயிறு, ஜூன் 9, 1996

விடிந்ததிலிருந்து பாலக்காட்டுக் காற்று. துவைத்துப் போட்ட பாவாடை பறந்து போய்ப் பக்கத்துத் தறி ஷெட்டின் கூரையில். ஏணி வைத்து எடுத்தேன். முழங்கையில் சிராய்ப்பு.

பத்து மணிக்கு அப்பா வாரத்தாளில் ஊஞ்சமேட்டான் எழுதும் 'சந்துபொந்து' படித்தார். எல்லா ஞாயிறும் போல வாசலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சத்தமாக. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, சத்தம் அவளுக்காக. இந்த வாரம் மரக்கடையில் மரத்தூள் கொட்டுகிற சந்து. "படுத்திருந்த நாய் எழுந்து போன பிறகும் அதன் உருவம் தூளில் படுத்தே கிடந்தது" என்ற இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கெட்டிக்காரன். எங்கிருந்துதான் புடிக்கறானோ."

நான்கு வருடமாகக் கேட்கிறேன். இன்னும் அந்த நேரத்தில் அடுப்படியில் என் கை நின்றுவிடுகிறது.

அம்மா நேற்றுதான் ஊஞ்சமேட்டிலிருந்து வந்தாள். அவள் பிறந்த ஊர். கோயில் திருவிழா, நோம்பிக்குப் போயிருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"அந்தக் கெட்டிக்காரன் ஆருன்னு தெரியுமுங்களா உங்களுக்கு? எங்க பழனிச்சாமி அண்ணன் பையன்தான். கதிர்வேலு. அவன்தான் அந்த ஊஞ்சமேட்டான். நோம்பில ஊரே கூடி, கோயல்ல வெச்சு சால்வை போத்துனாங்க."

"அட. மருந்துப் பையத் தூக்கிட்டுச் சுத்துவானே, அவனா?"

"அவனேதான். நம்மூருப் பேரைப் போட்டு எழுதறதுக்கு நம்மூர்ல வேற ஆரு இருக்கறா?"

ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது.

எனக்கே சந்தேகம் வந்துவிடக்கூடாது என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன். ஊஞ்சமேட்டான் நான்.

பி.காம். முடித்த வருடம் டவுன்ஹால் பக்கத்து அச்சகத்தில் போய்க் கொடுத்த முதல் கட்டுரை. நான்கு பக்க வாரத்தாள், மூன்றரைப் பக்கம் விளம்பரம், மிச்சம் நான். தாளை நடத்தும் ராஜாமணி சார், பெயர் என்ன போடட்டும் என்றார். என் பெயர் போட்டால் எழுத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், அங்கே உனக்கு என்ன வேலை என்றுதான் கேட்பார்கள் என்றார். நியாயமாகப் பட்டது. அம்மாவின் ஊரைச் சொன்னேன். அந்த ஊரில் யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் ஆணாக்கிக் கொடுத்தார். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் யாரிடமும் எதற்கும் அதைத்தான் சொல்கிறேன்.


செவ்வாய், ஜூன் 11

ஆபீசில் ஸ்டாக் கணக்கு. பம்ப்செட் உதிரிகள். இம்பெல்லர், புஷ், சாஃப்ட். கண் எரிச்சல்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தோடு ஒன்றரை மணி நேரம் பர்மிஷன். ஆபீஸ் இருக்கும் கணபதியிலிருந்து டவுன்ஹால். ரா. சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். புரூஃபிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார்.

"நல்லதுதானுங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு ஆளாச்சு."

"அவரு இல்லைன்னு சொல்லலீங்களாம் சார்."

"சால்வ போத்தறப்ப எவனுங்க இல்லைம்பான்? எனக்குப் போத்தியிருந்தா நாந்தான்னு இருந்திருப்பேன்."

வாசகர் கடிதம் எட்டு. மரியாதைக்குரிய ஐயா. அன்புள்ள ஊஞ்சமேட்டார் அவர்களுக்கு. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், "தங்களைப் போன்ற அனுபவஸ்தர்கள்" என்கிறார். எனக்கு வயது இருபத்தைந்து. முதுகுவலி மட்டும்தான் அனுபவஸ்தர் மாதிரி.

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே நினைத்துப் பார்த்தேன். நான்கு வருடத்தில் என்னவெல்லாம் எழுதினேன்:

வாலாங்குளத்துக் கரையில் ரயில் போகும்போது மட்டும் பேசுவதை நிறுத்தி, போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடரும் சலவைக்காரர்கள்.

தேர்முட்டியில் பூக்கட்டுபவர்கள் எறிந்த வாழைநார் எங்கே போகிறது.

கோட்டைமேட்டில் அத்தர்க் கடை பாய், சாயங்காலம் பாட்டில் கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றும் நேரம். அந்தச் சந்துப் பிள்ளைகள் அப்போது தெருவில் வந்து நின்று மூச்சை இழுப்பார்கள்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பாலக்காடு பஸ்ஸுக்குப் பின்னால், மலையாளத்தில் மட்டும் சண்டை போடும் தமிழ்க் கண்டக்டர்.

பாயிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவின் எதிர்ச் சாரியில் நின்று பார்த்ததுதான். அத்தர் என்ன விலை என்றுகூடக் கேட்க வாய் வரவில்லை. நான்கு வருடமும் எதிர்ச் சாரியிலேயே போயிற்று. அதை நகரத்தை அறிந்த அனுபவம் என்கிறார் தலைமை ஆசிரியர்.

ஷாம்பு வாங்க வேண்டும். மறந்தேன்.


சனி, ஜூன் 15

சாரல். அரை நாள் ஆபீஸ். வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் வரை ஓவர் டைம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எழுத ஆரம்பித்த மாதத்திலிருந்து சொல்வது. அந்த மத்தியானங்களில்தான் 'சந்துபொந்து' உண்டாகிறது.

ஒயர் கூடையும் மருந்துச் சீட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு பெண் ஒரு சந்தில் சும்மா நிற்க முடியாது. நின்றால் யாருக்காக என்று கேட்பார்கள், அல்லது கேட்காமல் அவர்களாகவே ஒரு பதில் வைத்துக்கொள்வார்கள். கையில் மருந்துச் சீட்டு இருந்தால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. வீட்டில் நோயாளி. பாவம். எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், எவ்வளவு நேரமும். சீட்டு அப்பாவுக்கு எப்போதோ மஞ்சள் காமாலை வந்தபோது எழுதியது. மடித்து மடித்துக் கிழிந்துவிட்டது. பின்னால் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். அந்தச் சீட்டைக் காட்டித்தான் இந்த ஊரையே பார்த்தேன்.

இன்று கெம்பட்டி காலனிப் பக்கம். நகைப்பட்டறை வாசலைக் கூட்டிய மண்ணை, அதில் கலந்த பொன்தூளுக்காக விலை பேசி வாங்கிப் போகிறவர்கள். ஒரு அம்மா கேட்டாள், "ஆருக்குக் கண்ணு சொகமில்ல?" அப்பாவுக்குங்க என்றேன். "முருகன் பாத்துக்குவான், போ." கூசிப்போனது.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறாள். முகம் எல்லாம் வெளிச்சம்.

"நாளைக்கு அண்ணன் ஊட்ல இருந்து வாராங்க. கதிர்வேலுக்கு உன்னியக் கேக்கறாங்க. சாதகமெல்லாம் போனவாரமே பாத்துப் போட்டாங்களாமா. எனக்கே இப்பத்தான் சொல்லிவிட்டிருக்கறாங்க. முறைதான, என்ன கேள்வி. ஆடி பொறக்கறதுக்குள்ள உறுதி பண்ணிப்போடோணுங்கறாங்க."

அப்பா உள்ளேயிருந்து: "எழுதறவன் அம்மணி. வாரா வாரம் நான் படிக்கிறேனே, அவன்."

அப்பா இதுவரை எந்த வரனைப் பற்றியும் இப்படிச் சொன்னதில்லை. எல்லோரிடமும் தறி எத்தனை, தென்னை எத்தனை என்றுதான் கேட்பார். இந்தப் பையனிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுதிய வரிகளுக்காக என்னைக் கட்டிக் கொடுக்கத் தயாராகிவிட்டார்.


ஞாயிறு, ஜூன் 16

வந்தார்கள். கார் இரண்டு. காபி, கேசரி, பஜ்ஜி. வாழைக்காய் போதவில்லை, கடைசியில் வெங்காயம்.

அப்பா வாரத்தாள்களை மடித்து முக்காலியில் அடுக்கி வைத்திருந்தார், மாப்பிள்ளை கண்ணில் படும்படி. கதிர்வேல் பார்த்தான். முகம் லேசாகச் சிவந்தது. வெட்கம் என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

"மாப்ள, அந்த மரத்தூள் நாயி. அத மறக்கவே முடியலீங்க."

"அதுங்களா மாமா. அது சும்மா போறப்ப பாத்தது."

"போறப்ப நாங்களுந்தான் பாக்கறோம். எங்களுக்கு நாய் மட்டுந்தான் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். பழனிச்சாமி மாமா, அவன் அப்பா, மீசையைத் தடவிக்கொண்டு, "சின்னதுலயே அப்புடித்தான். மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னா தண்ணியவே பாத்துட்டு நிப்பான்" என்றார். பொய் எப்படிப் பரவியது என்று பார்க்க முடிந்தது. அந்த வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு பிடி சந்தோஷம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று எங்களைப் பின்பக்கம் அனுப்பினார்கள். முருங்கை மரத்தடி. கதவு திறந்தே. அவன் நல்லவிதமாகத்தான் பேசினான். நல்ல சட்டை. கைக்குட்டையை நாலாக மடித்து வைத்திருந்தான்.

ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டேன். "நீங்க நெசமாலுமே எழுதறீங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே சிரித்திருப்பேன். ஒருவேளை கட்டிக்கொள்ளவும் சம்மதித்திருப்பேன்.

"எழுதறது பெருசில்லீங்க. சுத்தோணும், பழகோணும். கோட்டைமேட்டு அத்தர்க் கடை பாய் எழுதுனேன்ல, அவரு என்னையப் பாத்தாவே போதும், கையப் புடிச்சு ஒரு சொட்டுப் பூசித்தான் அனுப்புவாரு. பேசுனா நேரம் போறதே தெரியாது."

அவன் பொய் என் உண்மையைவிட நன்றாக இருந்தது. ஒரு ஆண் எழுதியிருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும். கடைக்குள் போயிருப்பான். உட்கார்ந்திருப்பான். கையில் ஒரு சொட்டு. நான் நான்கு வருடம் எதிர்ச் சாரியில் நின்று பிடித்ததை முருங்கை மரத்தடியில் நின்றபடியே தாண்டிப் போய்விட்டான்.

"கல்யாணத்துக்குப் பொறகு நீங்க படிச்சுப் பாருங்க. தப்புக் கிப்பு இருந்தாத் திருத்திக் குடுங்க. பி.காம். படிச்சவங்கல்ல."

சரிங்க என்றேன்.

உள்ளே வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்து அவர்களிடம் சொன்னாள், "புடிச்சிருக்குதுங்க. அவ சரின்னா சரிதான்."


திங்கள், ஜூன் 17

தூக்கமில்லை. ஆபீசில் கூட்டல் இரண்டு இடத்தில் தவறு.

மத்தியானம் சாப்பிடாமல் ஒரே மூச்சில் எழுதினேன். வேறு எதுவும் இவ்வளவு வேகமாக வந்ததில்லை. கோபத்தில் கையெழுத்துகூட நிமிர்ந்து நிற்கிறது.

விஷயம்: மில்கள் இருக்கும் பக்கத்துப் பழைய டாக்கீஸில் பெண்கள் பகுதி. பெயர் போடவில்லை, இங்கேயும் போடவில்லை. தனி வாசல். இரண்டு பக்கமும் சுவர் வைத்து ஒருவர் மட்டும் நுழையும் சந்து, முடிவில் டிக்கெட் ஓட்டை. உள்ளே அரைச்சுவர் தடுப்பு. பின்சுவரில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். ஷிப்ட் விட்டு வரும் மில் பெண்கள் சேலையில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுப் படம் பார்க்க. நான் கல்லூரியில் படித்தபோது தோழிகளோடு போய்ப் பார்த்திருக்கிறேன். போன மாதமும் தனியாகப் போனேன்.

கடைசிக் கொக்கி வளைந்திருக்கும். அதன் கதை அம்மா சொன்னது. என்னிடம் ஒரே ஒரு தரம், எனக்கு அம்மை போட்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலை வீசிக்கொண்டே. அம்மா அப்போது மில்லில் நூல் சுற்றும் வைண்டிங்கில் இருந்தாள். அப்பாவிடம் ஓவர் டைம் என்று சொல்லிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு படத்துக்குப் போவாளாம். தூளியின் கயிற்றை வலது கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே ஆட்டுவாளாம். சோகப் படமென்றால் வேகமாக ஆட்டுவாளாம். அதில் வளைந்ததாம் கொக்கி.

அதையும் எழுதினேன். பெயர் இல்லாமல். "ஒருத்தி" என்று.

எழுதியபோது ஒன்றே ஒன்றுதான் மனதில். இந்த இடத்துக்குள் ஆண் நுழைய முடியாது. படிக்கிற எவருக்கும் எழுதியது பெண் என்று விளங்கிவிடும். நான் போய் யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இனி எவனும் இதைத் தான் எழுதியதாகச் சொல்லவும் முடியாது.

சாயங்காலம் அச்சகத்தில் ரா. சார் படித்தார். முதல் தடவையாக உட்காருங்க என்றார். "இது வேறயா இருக்குதுங்க" என்றார்.


ஞாயிறு, ஜூன் 23

வெயில். காற்று மட்டும் நிற்கவில்லை.

அப்பா படித்தார். நான் அரிசி களைகிற சாக்கில் வாசலுக்குப் பக்கத்திலேயே. அம்மா நிலைப்படியில், மடியில் முறம்.

டிக்கெட் ஓட்டை வரை அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். கொக்கி வந்ததும் குரல் மெதுவானது. பிறகு அந்த வரி: "கட்டினவனிடம் ஓவர் டைம் என்று சொல்லிவிட்டு வந்த ஒருத்தி, தன் கால் கட்டைவிரலால் இரும்பை வளைத்தாள்."

அப்பா தாளை இறக்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"ஓவர் டைமாமா. எந்த இளிச்சவாயனோ, பாவம், சோத்தக் கட்டிக் குடுத்து அனுப்பியிருப்பான்."

அம்மா முறத்தைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். முறத்தில் ஒன்றும் இல்லை.

ஒருமுறை மட்டும் நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் கால் பக்கம் பார்த்தாள்.


புதன், ஜூன் 26

ஆபீசிலிருந்து வந்தால் வாசலில் பழனிச்சாமி மாமாவின் கார். மாமா சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

உள்ளே போகாமல் சுவரோரம் நின்று கேட்டது:

"ஊர்ல தல காட்ட முடியல மச்சான். பொம்பளைங்க படம் பாக்கற எடத்துக்குள்ள பூந்து பாத்திருக்கறான். புள்ளைக்குத் தூளி கட்டறது, பால் குடுக்கறது, கால்ல கவுறு சுத்தறது வரைக்கும் பாத்து எழுதியிருக்கறான். எங்கூட்டு மருமகளுக மூஞ்சில எப்புடி முழிக்கறது? சால்வை போத்தின தர்மகர்த்தாவே வந்து, அதத் திருப்பிக் குடுக்கச் சொல்லீட்டாரு."

அப்பா: "பையன் என்ன சொல்றான்?"

"என்ன சொல்லுவான். நான் எழுதவே இல்லீங்கறான். இத்தன நாளு எழுதுனேன்னு இருந்துட்டு, மாட்டுனதும் நான் இல்லையாமா. அத எவன் நம்புவான்?"

"எட்டிப் பாத்திருக்கறானா, இல்ல உள்ளயே போயிருக்கறானா?"

"சுவத்துல கொக்கி எத்தனைன்னு எழுதியிருக்கறானே மச்சான்."

ஒரு ஊர் முழுக்க ஆணும் பெண்ணும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எப்படி நுழைந்தான், எந்த ஓட்டை வழியாகப் பார்த்தான், சேலை கட்டிக்கொண்டு போனானா என்றுகூட யாரோ கேட்டார்களாம். ஒரு பெண் டிக்கெட் எடுத்து உள்ளே போய் உட்கார்ந்து பார்த்து வந்து எழுதியிருக்கலாம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. சேலை கட்டிய ஆண் வரைக்கும் போனவர்களுக்கு அதற்கு மேல் ஒரு எட்டு வைக்கத் தெரியவில்லை.

அவனை நினைத்தாலும் பாவமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை பேசியிருக்கிறான்.


வியாழன், ஜூன் 27

லீவு போட்டேன். வயிற்றுவலி என்று சொல்லி.

காலையில் பஸ் ஸ்டாப் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ரா. சாருக்கு. எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா சார், எழுதுவது நான் என்று.

"அம்மிணி, போன வாரத் தாளு ஒண்ணுகூட மிச்சமில்ல. மறுபடி அடிக்கச் சொல்றாங்க. யாரு இந்த ஊஞ்சமேட்டான்னு டவுனே பேசுது. இப்பப் போயி அது ஒரு பொண்ணுன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. உங்களுக்குச் சங்கடம்னா நிறுத்திக்குங்க. பேரு தாளோட பேரு. வேற ஆள வெச்சு நான் ஓட்டிக்கறேன்."

சரிங்க சார் என்று வாயில் வந்தது. சொல்லவில்லை. வைத்துவிட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

மத்தியானம் அப்பா தறி நிறுத்திச் சாப்பிட வந்தார். சோறு போட்டேன். சொன்னேன்.

"அப்பா, அத எழுதுனது கதிர்வேல் இல்லீங்க. நாந்தானுங்க. எல்லாமே நாந்தானுங்க."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நீயா? கடைக்குப் போனா மிச்சச் சில்லறை கேட்டு வாங்க உனக்கு வாய் வராது கண்ணு."

"நாந்தானுங்கப்பா. மரத்தூளு, நாயி, எல்லாம்."

"நான் வாரா வாரம் படிக்கறதக் கேட்டுட்டுத்தான இருக்கற. ஆரு கேட்டாலும் சொல்லலாம். செரி, நீ எப்பப் போன அங்கெல்லாம்? சனிக்கெழம சாய்ந்தரம் வரைக்கும் ஓவர் டைம். ஞாயித்துக்கெழம ஊட்ல."

"ஓவர் டைம்னு ஒண்ணும் இல்லீங்கப்பா. நான் பொய்யி..."

அடுப்படியில் செம்பு விழுந்தது. விழுந்ததா, போட்டாளா. அம்மா ஈரக் கையோடு வந்து நடுவில் நின்றாள்.

"உடுங்க. புள்ளைக்குப் பையன் மேல மனசு போயிருச்சு. அவனக் காப்பாத்தறதுக்கு என்னென்னமோ பேசறா. அன்னிக்கு முருங்க மரத்தடில இருந்து வந்தப்பவே நான் பாத்தேன். கேட்டுட்டே இருக்காதீங்க, வயசுப் புள்ளைய."

அப்பா என்னை மறுபடியும் பார்த்தார். இந்தத் தடவை வேறு மாதிரி. கண் கலங்கியிருந்தது.

"இத்தன ஆசையா அவன் மேல. பொய் சொல்லத் தெரியாத புள்ள, பொய் சொல்லுது."

கை கழுவிவிட்டு நேராகப் பூத்துக்குப் போய் ஊஞ்சமேட்டுக்கு போன் போட்டார். என் வாயிலிருந்து வந்த உண்மையை வைத்தே அவனை மன்னித்துக் கல்யாணத்தையும் உறுதி செய்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. பையன் இனிமேல் எழுதக் கூடாது. கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்ய வேண்டும்.

சாயங்காலமே செய்துவிட்டானாம். ஒரு வரிகூட எழுதாதவன், இனி ஒரு வரியும் எழுதமாட்டேன் என்று.

அம்மாவிடம் அடுப்படியில் தனியாக: "உனக்குத் தெரியும்தான."

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்தவில்லை.

"அந்தக் கொக்கி வெச்சு உங்கப்பன் ஊரெல்லாம் சிரிச்சுட்டு வந்துட்டாரு. தறிக்காரங்க கிட்டெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாச்சு. இப்ப நீதான்னு ஆச்சுன்னா, அந்த ஒருத்தி ஆருன்னு கேப்பாரு. நானும் ஓவர் டைம்னுதான் சொன்னேன். நீயும் சொல்லிட்ட. போதும்."

அடுத்த மூடியை எடுத்துக்கொண்டு, திரும்பாமலே:

"இன்னமும் வளஞ்சுதான் இருக்குதா?"

ஆமா என்றேன்.

"ஆரும் நிமுத்தல."

"இல்ல."

துருவலை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள்.


சனி, ஜூன் 29

காற்று குறைந்திருக்கிறது. ஆபீசில் அரை நாள். சனிக்கிழமை ஓவர் டைமுக்கு இனி இருக்க முடியாது என்று ஆபீசில் சொல்லிவிடச் சொன்னார் அப்பா. யாரிடம் சொல்வது. சொல்லியாச்சுங்க என்றேன்.

மத்தியானமே வீட்டுக்குச் சூலூர் பஸ். சன்னலோரம் இடம். சிங்காநல்லூர் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். வழியில் பார்க்க எதுவும் வேண்டாம் என்று. மூடிய கண்ணுக்குள்ளும் ஒரு வாக்கியம் தானாக ஆரம்பித்தது. முடிக்கவில்லை.

வீட்டில் அம்மா இல்லை. என் ஒயர் கூடையும் இல்லை. ஆணியில் அப்பா எழுதி மாட்டிய சீட்டு மட்டும், 'தறி ஷெட்டில் இருக்கிறேன்'.

நான் துவைத்தேன். அரிசி ஊற வைத்தேன். பட்டு ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்த சீட்டைத் தேடினேன், கிடைத்தது. வெள்ளிக்கிழமை உறுதி, தட்டு மாற்றுகிறார்கள்.

பொழுது சாய்ந்து அம்மா வந்தாள். செருப்பெல்லாம் புழுதி. கூடையில் ஒன்றும் இல்லை. அப்பா தறி ஷெட்டிலிருந்து பார்த்துச் சத்தம் போட்டார், "எங்க போன இத்தன நேரம்? நீயும் ஓவர் டைமா?" தறிக்காரர்கள் சிரிக்கிற சத்தம்.

"சேல பாக்கப் போனனுங்க" என்று அம்மாவும் சத்தமாகச் சொன்னாள்.

உள்ளே வந்தாள். தண்ணீர் கேட்டாள். செம்பைக் கொடுத்தேன். அண்ணாந்து முழுதும் குடித்தாள். வாயைத் துடைக்காமல் என்னைப் பார்த்தாள், வெகுநாள் கழித்து நேராக.

"பொம்பளைங்க பக்கம் பூட்டுப் போட்டுட்டாங்க. வாசல்ல பலகை அடிச்சாச்சு. இனிமே எல்லாருக்கும் ஒரே வாசல்தானாமா. ஏனுங்கன்னு கேட்டேன் டிக்கெட்டுக்காரன."

செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"எவனோ ஒரு ஆம்பள உள்ள பூந்து பாத்துட்டானாமா."